காப்டிக் துணி: படத்தை விட்டு ஓரத்தைப் பாருங்கள்

லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் கையகலத் துணி ஒன்றைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஊதா வட்டம், அதற்குள் ஆடும் பெண், சுற்றிலும் முயலும் திராட்சைக் கொடியும். கீழே அட்டையில் ‘காப்டிக், எகிப்து, 5–7ஆம் நூற்றாண்டு’. காப்டிக் என்றால் எகிப்தியக் கிறித்தவர்கள் என்று தேடித் தெரிந்துகொண்டிருக்கிறீர்கள். அதன் பிறகு வரிசையாகக் கேள்விகள்: கிறித்தவத் துணியில் சிலுவை எங்கே, அரைகுறை ஆடையோடு ஒரு பெண் எதற்கு, இது எம்பிராய்டரியா, துணி எப்படி ஆயிரத்தைந்நூறு ஆண்டு மக்காமல் இருந்தது, வயது சொல்ல ஏன் இவ்வளவு இழுவை, இணையத்தில் இதே மாதிரித் துண்டுகளைச் சட்டம் போட்டு விற்கிறார்களே, வாங்கலாமா. இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த அட்டையில் எழுதியிருப்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள், எவ்வளவு தூரம் நம்பலாம்?

என்னைப் பற்றி இரண்டு வரி. பழந்துணிகளைத் தூசு நீக்கி, பிரிந்த இழைகளை நிறுத்தித் தைத்து, காட்சிக்கும் சேமிப்புக்கும் தயார் செய்வது இருபது ஆண்டுக்கு மேலாக என் தொழில். அதற்கு முன்பே தறி வீட்டில் பிறந்து பாவுக்கும் (தறியில் நெடுக்கே கட்டும் இழை) ஊடைக்கும் (குறுக்கே ஓடும் இழை) நடுவில் வளர்ந்தவன். அகழாய்வு செய்தவனல்ல, காப்டிக் மொழி படிக்க வராது. ஆகவே நெசவைப் பற்றிப் பேசும்போது குரல் கொஞ்சம் உயரும், சமயத்தைப் பற்றிப் பேசும்போது இறங்கும். இந்தத் துணிகளோடு பழகியதில் நான் கண்டது இதுதான்: படத்தைப் பார்த்துச் சொன்ன முடிவுகள் ஒவ்வொன்றாக ஆட்டம் கண்டுகொண்டிருக்கின்றன. நூலைப் பார்த்துச் சொன்னவை இன்னும் நிற்கின்றன.

முதலில் பெயர். எகிப்துக்குக் கிரேக்கர் வைத்த பெயர் அரபு வாயில் ‘கிப்த்’ ஆகி, ஐரோப்பியர் வாயில் ‘காப்ட்’ ஆயிற்று. அதாவது அந்தச் சொல்லுக்கு அடிப்படைப் பொருள் எகிப்தியன் என்பது மட்டுமே. பிற்காலத்தில்தான் அது அந்நாட்டுக் கிறித்தவர்களைக் குறிக்கும் சொல்லாகச் சுருங்கியது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தத் துணிகள் ஐரோப்பாவுக்கு வந்து குவிந்தபோது, மம்மி காலத்துக்குப் பிந்தியவை எல்லாவற்றுக்கும் மொத்தமாக இந்தப் பெயரை ஒட்டிவிட்டார்கள். உண்மையில் 3ஆம் நூற்றாண்டு முதல் ஏறக்குறைய 12ஆம் நூற்றாண்டு வரையிலான துணிகள் இந்தத் தலைப்பின் கீழ் கிடக்கின்றன. ரோமானிய ஆட்சி, பைசாண்டிய ஆட்சி, 640களுக்குப் பிறகு அரபு ஆட்சி என்று மூன்றும் அதற்குள் வந்துபோகின்றன. உடுத்தியவர்களில் கிறித்தவர், பழைய தெய்வங்களை விடாதவர், யூதர், பின்னாளில் இசுலாமியர் எல்லாரும் உண்டு. இப்போது பல அருங்காட்சியகங்கள் ‘எகிப்து, பைசாண்டியக் காலம்’ என்று மாற்றி எழுதத் தொடங்கிவிட்டன. பழைய பெயரை முழுக்க விட முடியாததற்குக் காரணம் சோம்பல்தான். நானும் இந்தப் பதிலில் அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

துணி மக்காமல் இருந்ததற்குக் காரணம் மணல். நைல் வெள்ளம் ஏறாத மேட்டில், மழையே காணாத பாலை விளிம்பில் இடுகாடுகள் இருந்தன. 4ஆம் நூற்றாண்டு வாக்கில் உடலைப் பதப்படுத்தி மம்மியாக்கும் வழக்கம் மங்கி, இறந்தவரை உடுத்திய உடையோடு, சில சமயம் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று உடைகளோடு, பழைய திரைச்சீலையில் சுற்றி நாடாவால் கட்டிப் புதைக்கும் வழக்கம் பரவியது. அதனால்தான் நமக்கு மாலை போட்டு எரித்தவர்களின் துணியோ ஈர மண்ணில் புதைத்தவர்களின் துணியோ கிடைக்காதபோது, எகிப்தியக் குடியானவரின் சட்டை கிடைக்கிறது. எல்லாப் பகுதியும் ஒரே மாதிரி பிழைக்கவில்லை. உடலின் எடை அழுந்திய முதுகுப் பக்கம், உடல்நீர் ஊறி அரித்துப்போயிருக்கும். மார்புப் பக்கமும் தோள்பட்டையும் தங்கும். நான் கையாண்ட ஓர் அங்கியில் முன்பக்கத்து மஞ்சள் நேற்றுச் சாயம் போட்டது போல இருந்தது. பின்பக்கம் பழுப்புக் கஞ்சி. தையலைப் பிரிக்காமல் லேசாகத் தட்டினால் இன்னமும் மணல் உதிரும். அந்த மணலைக் கூட நாங்கள் சிறு புட்டியில் எடுத்து எண் போட்டு வைப்போம்.

இனி இவை எப்படித் தோண்டப்பட்டன என்பது. இங்கேதான் உங்கள் அட்டையின் பலவீனம் தொடங்குகிறது. 1880களில் மேல் எகிப்தில் அக்மீம் என்ற ஊரின் பெரிய இடுகாடு, எகிப்தியத் தொல்பொருள் துறைத் தலைவராக இருந்த காஸ்தோன் மாஸ்பெரோ காலத்தில் தெரியவந்தது. கிரேக்கர் அதைப் பானோபொலிஸ் என்பார்கள். ஃபயூம் பகுதியிலிருந்து வியன்னா வணிகர் தியோடோர் கிராஃப் மூட்டை மூட்டையாக அனுப்பினார். 1890களின் இறுதியிலிருந்து ஆல்பெர் கயே என்பவர் அன்டினோ என்ற ரோமானிய நகரின் இடுகாடுகளைத் தோண்டினார். கல்லறையில் கிடைத்த எழுத்தைத் தாயிஸ் என்று படித்து, ஒரு பெண்ணுடலைத் துறவியான அந்தப் பழங்கதைக் கணிகையாகவே அறிவித்து, 1901இல் பாரிஸின் கிமே அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார். ஊரே திரண்டு பார்த்தது. அதற்கான ஆதாரம் மெலிது என்று அப்போதே பேச்சு எழுந்தது. எந்த உடலோடு எந்தத் துணி, எந்தக் குழியில் எந்த நாணயம் என்ற குறிப்பு இந்தத் தோண்டல்களில் பெரும்பாலானவற்றில் இல்லை. துணி கிடைத்தது, சூழல் தொலைந்தது.

அதைவிடப் பெரிய சேதம் கத்தரிக்கோல் செய்தது. ஓர் அங்கியில் நூறில் தொண்ணூறு பங்கு வெள்ளை லினன். மீதி பத்துப் பங்குதான் சித்திரம். வணிகர்கள் சித்திரத்தை வெட்டி எடுத்துக்கொண்டு வெள்ளையைத் தூக்கிப் போட்டார்கள். ஒரே அங்கியின் இரண்டு தோள் வட்டங்கள் இரண்டு நாட்டுக்குப் போயின. ஜெர்மனியில் ஆகென் நகரத்துப் பாதிரியார் ஃபிரான்ஸ் பாக் பழந்துணி சேகரிப்பில் முன்னோடி; பெரிய துணிகளைத் துண்டாக்கிப் பல அருங்காட்சியகங்களுக்குக் கொடுத்ததால் அவருக்குக் ‘கத்தரிக்கோல் பாக்’ என்றே பட்டப்பெயர். அவரைத் திட்டுவது சுலபம். எகிப்தில் வணிகர்கள் செய்ததோடு ஒப்பிட்டால் அவர் பரவாயில்லை. லண்டன் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் (இன்றைய விக்டோரியா ஆல்பர்ட்) 1887இலேயே தன் எகிப்தியத் துணிகளுக்குப் பட்டியல் வெளியிட்டது. நீங்கள் பார்த்ததும் அந்த அலையில் வந்து சேர்ந்ததாக இருக்கலாம்.

எம்பிராய்டரியா என்று கேட்டீர்கள். ஏறக்குறைய நிச்சயமாக இல்லை. அருங்காட்சியகத்துக்கு வருபவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். எம்பிராய்டரி என்றால் முதலில் முழுத் துணி ஒன்று இருக்கவேண்டும். அதைக் குத்தி ஊசி போகும். இங்கே ஊதா வட்டத்துக்கு அடியில் துணியே இல்லை. அங்கி நெய்யும்போதே, வட்டம் வரவேண்டிய இடத்தில் நெசவாளர் வெள்ளை லினன் ஊடையை நிறுத்திவிட்டு, பாவு இழைகளை இரண்டு மூன்றாகச் சேர்த்துப் பிடித்து, சாயம் போட்ட கம்பளி நூலைச் சின்னச் சின்னக் கண்டுகளிலிருந்து அந்தந்த நிறத்துக்கு வேண்டிய அளவு மட்டும் முன்னும் பின்னும் ஓட்டி, சீப்பால் இறுக அடித்திருக்கிறார். கம்பளி பாவை முழுக்க மூடிவிடும். இதை டேபஸ்ட்ரி நெசவு என்கிறோம். காஞ்சிபுரம் கோர்வைச் சேலை தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். உடல் நிற ஊடையும் கரை நிற ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றை ஒன்று பற்றித் திரும்புகின்றன அல்லவா? அதே திரும்பலை ஒரு கையகலத்துக்குள் நூறு இடத்தில் செய்தால் இந்த ஆடும் பெண் வருவாள். நிறங்கள் செங்குத்தாகச் சந்திக்கும் இடத்தில் பல சமயம் பற்றிக்கொள்ளாமலே திரும்பிவிடுவார்கள். அங்கே சிறு கீறல் போல இடைவெளி தெரியும். கண்ணாடி வழியாகவே அதைப் பார்க்கலாம். பூச்சி அரித்துக் கம்பளி போன இடத்தில் உற்றுப் பார்த்தால் இரண்டு இரண்டாகச் சேர்ந்த லினன் பாவு இழைகள் எலும்புக்கூடு மாதிரி நிற்கும்.

ஏன் பாவு லினன், ஊடை கம்பளி? லினன் தரும் ஆளிச் செடியின் நார் வலுவானது, ஆனால் சாயத்தை எளிதில் ஏற்காது. கம்பளி சாயத்தைக் குடிக்கும், ஆனால் இழுத்துக் கட்ட லினன் அளவுக்கு உறுதி இல்லை. வலுவானதைப் பாவில் போட்டு நிறத்தை ஊடையில் போட்டார்கள்.

முகத்தின் கண் இமை, உடையின் மடிப்பு, பின்னல் கோலம் என்று ஊதா நடுவில் ஓடும் மெல்லிய வெள்ளைக் கோடுகளைக் கவனித்தீர்களா? அவை தனி லினன் இழை. நெசவு ஏறிக்கொண்டே போகும்போது கூடவே அந்த ஒரு இழையை, சாய்த்தும் வளைத்தும், எழுதுகோல் போல ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். சில துண்டுகளில் ஊடையே நேர்கோட்டில் போகாமல் உருவத்தின் கன்னத்தை ஒட்டி வளைந்து போகும். எனக்குத் தெரிந்த தறியில் ஊடை வளைந்தால் அப்பா தலையில் குட்டுவார். இவர்கள் அதையே வித்தையாக்கியிருக்கிறார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது அங்கியின் அமைப்பு. துணி நெய்து, அளந்து, வெட்டித் தைத்த சட்டை இல்லை அது. தறியிலேயே சட்டை உருவத்தில் நெய்யப்பட்டது. ஒரு கையின் மணிக்கட்டில் நெசவு தொடங்கும். கை முடிந்ததும் இரண்டு பக்கமும் பாவைச் சேர்த்து உடல் அகலத்துக்கு விரியும். நடுவில் கழுத்துக்கு ஒரு கீறல் விட்டு, மறுபடியும் சுருங்கி அடுத்த கையில் முடியும். இறக்கினால் பெரிய சிலுவை வடிவத் துணி. தோளில் மடித்துப் பக்கங்களைத் தைத்தால் அங்கி தயார். முன் நீளமும் பின் நீளமும் சேர்ந்ததுதான் தறியின் அகலம் என்பதால், பெரியவர் அங்கிக்கு இரண்டரை மீட்டர் வரை தறி வேண்டும். ஒருவர் கை எட்டாது. உடுத்தும்போது பாவு குறுக்காகவும் ஊடை நெடுக்காகவும் வரும். அப்படியானால் தோளிலிருந்து இறங்கும் பட்டையில் நிமிர்ந்து நிற்கும் உருவங்கள் தறியில் எப்படி இருந்திருக்கும்? படுத்துக்கிடந்திருக்கும். உங்கள் நடனப் பெண்ணும் அப்படி ஓர் அங்கியைச் சேர்ந்தவள் என்றால், அவளை நெய்தவர் தறியில் அவளை நிமிர்ந்து பார்த்திருக்கவே மாட்டார். இது ஊகமில்லை, வட்டத்தின் ஓரத்தில் பாவு எந்தத் திசையில் போகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். பிற்காலத்தில் இந்தப் பெரிய தறி வேலை குறைந்து, மேல்பாகம் ஒன்றும் கீழ்பாகம் இரண்டுமாக மூன்று துண்டாக நெய்து இணைப்பது பரவியது. அதனால் தையல் இருக்கும் இடமே காலத்துக்கு ஒரு தடயம். வெட்டி எடுத்த வட்டத்தில் அந்தத் தடயம் இல்லை.

நெய்தவர் யார்? சித்திரத் துணியில் நெசவாளர் பெயர் இருக்காது. ஆனால் அவர்களது காகிதங்கள் இருக்கின்றன. ஆக்ஸிரிங்கஸ் ஊர்க் குப்பை மேட்டில் கிடைத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) ஒன்று கி.பி. 66ஆம் ஆண்டு ஒப்பந்தம்: டிரைஃபான் என்பவர் தன் வயது வராத மகன் தூனிஸை டாலமாயஸ் என்ற நெசவாளரிடம் ஓராண்டு வேலை பழக விடுகிறார். பையன் வராத நாளுக்கு ஈடாகப் பின்னால் அத்தனை நாள் அனுப்பவேண்டும், இல்லாவிட்டால் நாளுக்கு ஒரு திராக்மா அபராதம். நம் துணிகளுக்கு முந்நூறு ஆண்டு முந்தியது என்றாலும் தொழில் கைமாறிய விதம் அதுதான். பாப்பிரஸில் வண்ணம் தீட்டிய நெசவு மாதிரிப் படங்களும் சில கிடைத்திருக்கின்றன. அவற்றைப் பார்த்தபின் ‘எளிய கிராமத்துக் கைகளின் வெகுளியான கற்பனை’ என்ற பழைய புகழுரையை நம்ப முடியவில்லை. மாதிரியைப் பார்த்து, எண்ணி, ஒரே கோலத்தைப் பல அங்கிகளில் இறக்கிய தொழிற்கூட வேலை இது.

சாயத்தைப் பற்றி நிச்சயமாகச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் ஒரு மில்லிமீட்டர் இழையை ஆய்வகத்தில் கரைத்துப் பார்க்க முடிகிறது. சிவப்புக்கு நம் மஞ்சிட்டியின் உறவான மேடர் வேர், மஞ்சளுக்கு வெல்ட் என்ற செடி, நீலத்துக்கு அவுரிச் சத்து. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அன்டினோவிலிருந்து வந்த, ஏறக்குறைய 300ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு குழந்தையின் காலுறை இருக்கிறது. கட்டைவிரலுக்குத் தனி அறை வைத்தது, கோடு போட்டது. 2018இல் வெளியான ஆய்வில், அதிலுள்ள ஏழு நிறங்களும் இந்த மூன்று செடிகளிலிருந்தே வந்தவை என்று தெரிந்தது. ஊதா என்றதும் பலர் ரோமானியப் பேரரசரின் கடல் நத்தைச் சாயத்தை நினைப்பார்கள். இந்தத் துணிகளில் அது மிக அரிது. நீலத்தின் மேல் சிவப்பை ஏற்றி ஊதாவாக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். தீபஸ் பகுதியிலிருந்து வந்து இப்போது ஸ்டாக்ஹோமில் இருக்கும், 3–4ஆம் நூற்றாண்டுச் சமையற்குறிப்பு போன்ற பாப்பிரஸ் ஒன்றில் போலி ஊதா செய்யும் முறைகள் வரிசையாக உண்டு. ஒன்றின் முடிவில் இதை வெளியே சொல்லாதே என்ற எச்சரிக்கையும் உண்டு. ஆனால் ஆய்வகத்துக்கும் எல்லை உண்டு. நீலம் அவுரிச் செடியிலிருந்து வந்ததா, வோட் என்ற மத்தியதரைக் கடல் செடியிலிருந்து வந்ததா என்று இழையை வைத்துப் பிரிக்க முடியாது. இரண்டும் ஒரே சாயப் பொருளைத்தான் தருகின்றன. எகிப்தில் வோட் வழங்கியது என்பதால் ‘வோட்’ என்று எழுதுகிறோம். அது அனுமானம். இன்னொன்று: கறுப்புப் பழுப்புக் கோடுகள் மட்டும் பல துண்டுகளில் கொட்டிப்போயிருக்கும். சாயம் பிடிக்கச் சேர்த்த இரும்பு உப்பு கம்பளியை மெல்ல மெல்லத் தின்றதன் விளைவு அது. பூச்சிமேல் பழி போடாதீர்கள்.

இப்போது அந்தப் பெண். அவள் பெரும்பாலும் டயோனிசஸ் என்ற மது தெய்வத்தின் கூட்டத்தைச் சேர்ந்தவள். திராட்சைக் கொடி அதைத்தான் சொல்கிறது. முயலும் சிங்கமும் நைல் நதியில் வாத்துப் பிடிக்கும் குழந்தைகளும் அதே உலகம்: செழிப்பு, நிறைவு, வீட்டில் குறைவில்லாமை. கிறித்தவ நாட்டில் இது எப்படி? இதற்கு அக்மீம் ஊரையே சாட்சிக்கு அழைக்கலாம். இந்த ஊரைப் பழைய லினன் நெசவாளர் ஊர் என்று பழங்காலக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ அப்போதே எழுதிவைத்தார். 5ஆம் நூற்றாண்டில் அங்கே பிறந்த கவிஞர் நோன்னஸ், டயோனிசஸைப் பற்றி 48 காண்டங்களில் ஒரு காவியம் செய்தார். யோவான் நற்செய்தியைக் கிரேக்கச் செய்யுளாகவும் ஆக்கினார். இரண்டும் ஒரே கை. அதே காலத்தில் ஆற்றுக்கு அக்கரையில் வெள்ளை மடத்தின் தலைவர் ஷெனூட்டே, ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரின் வீட்டில் புகுந்து ஒளித்துவைத்த சிலைகளைத் தூக்கிவந்ததைப் பெருமையோடு பேசினார். ஆக டயோனிசஸ் சித்திரம் போட்ட அங்கியை உடுத்தியவர் பழைய மதத்தவரா, ஞாயிறு தோறும் கோயிலுக்குப் போய்விட்டு ‘இது நல்ல துணி, பாட்டன் காலக் கோலம்’ என்று உடுத்தியவரா? துணியிலிருந்து சொல்ல வழியில்லை. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன், ஆனால் இது சாய்வு மட்டுமே.

கிறித்தவப் படங்களே இல்லை என்றும் இல்லை. கி.பி. 400 வாக்கில் ஆசியா மைனரில் (இன்றைய துருக்கி) அமாசியா ஆயர் அஸ்டெரியஸ், பைபிளில் வரும் கானாவூர்க் கல்யாணச் சாடிகளையும் படுக்கையைத் தோளில் சுமக்கும் முடவனையும் லாசரையும் உடையில் போட்டுக்கொண்டு திரிபவர்களைக் கடிந்திருக்கிறார். தெருவில் போனால் சித்திரம் எழுதிய சுவர் நடப்பது போல இருக்கிறது, குழந்தைகள் விரல் நீட்டிச் சிரிக்கின்றன என்கிறார். அவர் பேசியது எகிப்தைப் பற்றி இல்லை, ஆனால் பழக்கம் ஒன்றுதான். எகிப்திலேயே கிடைத்தவற்றில் பேர்போனவை யோசேப்புக் கதை வட்டங்கள். சிவப்புப் பின்னணி, நடுவில் சூரியனும் சந்திரனும் விண்மீன்களும் கனவில் வரப் படுத்திருக்கும் யோசேப்பு, சுற்றிலும் அண்ணன்மார் அவனைக் குழியில் தள்ளி விற்கும் காட்சிகள். இவற்றில் பலவற்றில் உருவங்கள் உடைந்து, கை தனி கண் தனியாகி, கதை தெரியாதவருக்கு வெறும் கோலமாகவே தெரியும். ஒன்றைப் பார்த்து ஒன்று, அதைப் பார்த்து இன்னொன்று என்று நெய்ததால் வந்த சிதைவு என்று பொதுவாக விளக்குவார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. எண்ணிக்கைக் கணக்கு இவ்வளவு துல்லியமான நெசவாளருக்கு முகம் வரையத் தெரியாமல் போயிருக்காது. வாங்கியவர்களுக்கு அந்த உருவமே போதுமானதாக இருந்திருக்கும். இந்தப் படங்களில் பெரும்பாலானவை 7ஆம் நூற்றாண்டும் அதற்குப் பிந்தியும். அதாவது எகிப்து அரபு ஆட்சிக்குள் போன பிறகுதான் பைபிள் காட்சிகள் அங்கிகளில் அதிகமாகத் தெரிகின்றன.

காலக் கணக்கு இங்கேதான் சிக்கலாகிறது. நூறு ஆண்டுக்கு மேலாகப் பாணியை வைத்துத்தான் வயது சொன்னார்கள். உருவம் கிரேக்கச் சாயலில் இயல்பாக இருந்தால் 4ஆம் நூற்றாண்டு, தட்டையாகிக் கண் பெரிதானால் 6, சிதைந்தால் 8. கலை மெல்லச் சீரழிந்தது என்ற நம்பிக்கை அதன் அடியில் ஒளிந்திருந்தது. நல்ல பட்டறையும் மட்டமான பட்டறையும் ஒரே தெருவில் ஒரே ஆண்டில் இருக்கும் என்பது தறி வீட்டில் பிறந்த யாருக்கும் தெரியும். 1990களிலிருந்து கார்பன் 14 ஆய்வு வந்து இதை உலுக்கியது; பெல்ஜியத்தில் மார்க் வான் ஸ்ட்ரைடாங்க் குழுவினர் இதில் முன்னின்றார்கள். சில மில்லிகிராம் நூல் போதும். ஆளி ஒரு பருவச் செடி, கம்பளி அவ்வப்போது கத்தரிப்பது. எனவே பல காலம் வளர்ந்து நின்ற மரத்தை ஆய்வதில் வரும் குழப்பம் இதில் இல்லை. முடிவுகள் பல துணிகளை எதிர்பார்த்ததைவிடப் பிந்திய காலத்துக்குத் தள்ளின. 4–5 என்று பட்டியலில் இருந்தவை 6, 7க்கு நகர்ந்தன. ‘5–7ஆம் நூற்றாண்டு’ என்று ஏன் இழுக்கிறார்கள் என்று கேட்டீர்களே, அந்த ஆய்வே பெரும்பாலும் நூறு முதல் இருநூறு ஆண்டு அகலத்தைத்தான் தரும். ஆகவே உங்கள் அட்டை மழுப்பவில்லை, நேர்மையாக இருக்கிறது. நான் சந்தேகிப்பது ‘450–475’ என்று எழுதிய அட்டைகளைத்தான்.

அட்டையில் ‘எகிப்து’ என்ற சொல்லை மட்டும் தைரியமாக நம்பலாம், அதற்குக் காரணம் நூலின் முறுக்கு. ஈர ஆளி நார் காயும்போது தானாகவே ஒரு பக்கம் திரும்பும். எகிப்தியர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அதன் போக்கிலேயே முறுக்கினார்கள். நூலை நிமிர்த்திப் பிடித்தால் முறுக்கு இடது மேலிருந்து வலது கீழாகச் சாயும், ஆங்கில எஸ் எழுத்தின் நடுக்கோடு போல. கம்பளியையும் அப்படியே நூற்றார்கள். எதிர்த்திசையில், இசட் எழுத்துப் போல முறுக்கியிருந்தால் வெளியூர் நூலோ என்று காது நிமிரும். இதில் இந்தியாவுக்குப் பங்கு உண்டா என்று நம் வாசகர்கள் அடுத்துக் கேட்கப்போகும் கேள்விக்கும் இதிலேயே பதில் வருகிறது. செங்கடல் துறைமுகம் பெரெனிகேயில் கிடைத்த பருத்தித் துணிகளில் கணிசமானவை இசட் முறுக்கு. நீலச் சாயத்தில் மெழுகோ களிம்போ தடுத்துக் கோலம் போட்டவையும் உண்டு. அவை இந்தியாவிலிருந்து போனவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதே கரையில் குசைர் அல் காதிமில் தமிழ் பிராமி எழுதிய பானை ஓடுகள் கிடைத்தது தெரிந்ததுதான். ஆனால் அந்தப் பருத்தி தமிழகத்ததா என்று முறுக்கு சொல்லாது. மேற்கு இந்தியா என்பதே பலருடைய எண்ணம். காப்டிக் அங்கிகளில் நம் பக்கத்துப் பங்கு என்று ஆய்வகம் காட்டுவது அரக்குப் பூச்சி தரும் சிவப்புச் சாயம். அதுவும் பெரும்பாலும் 7ஆம் நூற்றாண்டுக்குப் பிந்திய துணிகளில். இதற்கு மேல் நீட்டினால் அது ஆசை.

வாங்கலாமா? நான் வாங்கமாட்டேன். எகிப்து 1983ஆம் ஆண்டின் 117ஆம் எண் சட்டத்தால் தொல்பொருள் வணிகத்தையே நிறுத்திவிட்டது. அதற்கு முன்பே வெளியேறியது என்று காட்டும் தாள் இல்லாத துண்டு எப்படி வந்தது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சட்டத்தை விடுங்கள், பொருளாகவே பார்த்தாலும் ஆபத்து. பழைய லினன்மேல் வேறோர் இடத்துச் சித்திரத்தைத் தைத்து ‘முழுத் துண்டு’ ஆக்குவது நூறாண்டுப் பழைய வித்தை. உதிர்ந்த இடத்தில் வண்ணம் தீட்டி மறைப்பதும் உண்டு. அட்டையில் ஒட்டிச் சட்டம் போட்டிருந்தால் பின்பக்கம் தெரியாது. பின்பக்கம் தெரியாமல் இந்தத் துணியைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லத் துணியமாட்டேன். ஒருமுறை விலங்குப் பசையால் அட்டையில் ஒட்டிய துண்டு ஒன்றை ஈர ஆவி காட்டி மூன்று வாரம் எடுத்துப் பிரித்தோம். முன்பக்கம் மங்கிய செங்கல் நிறம். வெளிச்சமே படாத பின்பக்கத்தில் மாதுளை முத்துச் சிவப்பு. கூடவே, முன்பக்கத்தில் எங்களுக்குத் தெரியாத ஓர் ஒட்டு: முழங்கை தேய்ந்த இடத்தில் வேறு நிற நூலால் யாரோ அவசரமாக இழை ஓட்டியிருந்தார்கள். கோணல் தையல், பெரிய முடிச்சு.

நீங்கள் அனுப்பிய படத்தில் ஊதா வட்டத்துக்கு வெளியே கீழ்ப்பக்கம் அரை அங்குலம் வெள்ளை லினன் மிச்சமிருப்பது போலத் தெரிகிறது, ஆனால் மங்கலாக இருக்கிறது. மறுபடி போக வாய்த்தால் பெண்ணை விட்டுவிட்டு அந்த ஓரத்தை நெருக்கமாக எடுங்கள். அட்டையில் உள்ள பதிவு எண்ணும் விழட்டும். வெட்டு நேராக இருந்தால் வணிகரின் கத்தரி. மடித்துத் தைத்த தடம் இருந்தால், இந்த வட்டம் ஒரு பழைய அங்கியிலிருந்து வெட்டி, அந்தக் காலத்திலேயே இன்னோர் அங்கியில் வைத்துத் தைத்ததாக இருக்கலாம். இரண்டில் எது என்று பார்த்துச் சொல்கிறேன்.